கழுநீர்ப் பானையும் பன்றிக் கொட்டிலும்

இத்தலைப்பைக் கண்டதும் நம் அன்பர்களுள் சிலர் பக்கத்தைப் புரட்டிவிட எண்ணலாம். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பன்றி என்றதும் நம்மில் பலருடைய மனக்கண்முன் தோன்றுவது, ஊர்ச் சாக்கடை ஓரத்தில் குட்டிகளோடு திரியும் ஒரு கரிய உருவமே. 'பன்றியோடு கூடிய கன்றும் மலம் தின்னும்' என்னும் பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எங்கள் இல்லத்தில் இன்றளவும் அவ்விறைச்சியைச் சமைப்பதில்லை. உண்பதும் உண்ணாததும் அவரவர் இல்லத்து வழக்கு. அதைப் பற்றி வழக்காட நாங்கள் வரவில்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் ஒரு கொட்டிலில் நான்கு கால்களில் நிற்பதையும், ஒரு வாளி எச்சில் சோற்றால் அது அழிந்துபோகக் கூடும் என்பதையும் நாங்கள் அருகிலிருந்து கண்டோம். அந்த வாளி எங்கள் வீட்டு வாளி. ஆகையினால்தான் இதனை எழுதத் துணிந்தோம்.

ரயில்வேயில் குமாஸ்தா வேலையாக நாங்கள் அஸ்ஸாம் மாநிலத்திற்கு வந்தது 2016-ஆம் ஆண்டில். குவாஹாத்தி நகரின் மேற்குப் புறத்தில் எங்கள் குடியிருப்பு. அங்கிருந்து சைக்கிளில் அரை மணி நேரம் சென்றால் வயல்களும் பாக்குத் தோப்புகளும் தொடங்கிவிடும். போடோ, ராபா, கார்பி முதலிய மக்களின் சிற்றூர்கள் அப்பக்கத்தில் உள்ளன. காய்கறி வாங்கப் போன இடத்தில் ஒரு போடோ குடும்பத்தாரோடு எங்களுக்குப் பழக்கம் உண்டாயிற்று. அக்குடும்பத்து அம்மையாரை நாங்கள் 'பைதேவ்' என்று அழைப்போம். அஸ்ஸாமிய மொழியில் அக்காள் என்று பொருள். அவருக்கு ஒன்றரை ஏக்கர் நெல்வயல், வீட்டைச் சுற்றிச் சிறு தோட்டம், திண்ணையில் ஒரு தறி, கொல்லையில் ஒரு பன்றிக் கொட்டில். இவ்வளவே சொத்து.

நம் வீடுகளில் கழுநீர்ப் பானை வைப்பது பழைய வழக்கம். அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், மிஞ்சிய சோறு ஆகியவற்றை அதில் சேர்த்து வைத்தால், மாடு வைத்திருப்பவர் வந்து எடுத்துச் செல்வார். குடியிருப்பில் மாடு ஏது? பழக்கத்தை விட மாட்டாமல் என் மனையாள் ஒரு வாளியில் அவற்றைச் சேர்த்து வந்தாள். வாரம் இருமுறை நாங்கள் அதனைப் பைதேவ் வீட்டில் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் கீரையோ வாழைப்பூவோ பெற்று வருவோம். நாளடைவில் அடுத்த வீட்டாரும் தத்தம் மிச்சங்களை எங்கள் வாளியில் சேர்க்கலாயினர். பல மாநிலத்தவர் வாழும் குடியிருப்பு; வாளியில் என்னென்ன விழுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இது ஒரு நற்காரியம் என்றே நாங்கள் கருதியிருந்தோம்.

வீட்டு உண்டியல்

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பன்றிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 90 இலட்சம். அவற்றுள் 21 இலட்சம் அஸ்ஸாமில் மட்டும் இருந்தன. வடகிழக்கு மாநிலங்கள் எல்லாவற்றையும் கூட்டினால் நாட்டிலுள்ள பன்றிகளில் ஏறக்குறையப் பாதி இங்கேதான். இவை பெரும் பண்ணைகளில் வளர்பவை அல்ல. ஒரு வீட்டுக்கு இரண்டு, மூன்று என்று கொல்லைப்புறத்தில் வளர்பவை. பெரும்பாலும் பெண்களே வளர்க்கிறார்கள்.

இதன் பொருளாதாரம் நம்மவர்க்கு எளிதில் விளங்கும். நம் பாட்டிமார் வெள்ளாட்டுக் குட்டி வாங்கி விட்டு, தேவை வந்தபோது விற்பார்கள் அல்லவா? அதே முறைதான். அறுவடைக்குப் பின் மிஞ்சும் தவிடும், தோட்டத்துச் சேம்பும், சர்க்கரைவள்ளிக் கொடியும், வாழைத் தண்டும், சோற்று மது வடித்தபின் எஞ்சும் சக்கையும் தாமாகப் பணமாவதில்லை. பன்றி அவற்றை இறைச்சியாக்குகிறது. ஜனவரியில் வரும் போகாலி பிஹுவுக்கும், கிறிஸ்துமஸ், புத்தாண்டு விழாக்களுக்கும், திருமணங்களுக்கும் விலை ஏறும்போது விற்கலாம். பைதேவின் மூத்த மகள் செவிலியர் படிப்பில் சேர்ந்தபோது, ஆண்டுக்கு ஒரு பன்றி அவள் கட்டணத்துக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். கொட்டிலைக் காட்டி, "இதுதான் எங்கள் பாங்கு" என்று அந்த அம்மையார் ஒருமுறை சொன்னார். அதில் விளையாட்டு ஒன்றும் இல்லை.

கொட்டிலும் குட்டியும்

பன்றி அழுக்கை விரும்பும் பிராணி என்பது பெரும் தவறு. அதன் உடலில் வியர்வை வெளியேறும் வசதி மிகவும் குறைவு. வெயிலில் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ள வேறு வழியின்றியே சேற்றில் புரளுகிறது. நிழலும் நீரும் தந்து, போதிய இடமும் கொடுத்தால், உறங்கும் இடம் ஒரு மூலை, கழிக்கும் இடம் எதிர்மூலை என்று அது தானே பிரித்துக்கொள்ளும். பைதேவின் கொட்டிலில் இதனைக் கண்டபோது நாங்கள் வியந்து நின்றோம். தெருவில் திரியும் பன்றியின் அழுக்கு, அதனைத் தெருவில் விட்டவரின் அழுக்கேயாகும்.

வளரும் பன்றி ஒன்றுக்குக் கூரையின் கீழ் பத்துச் சதுர அடியும், திறந்த வெளியில் அதே அளவும் வேண்டும். தரை சிமெண்டால் ஆனதாயின் வழுக்காமலும், கழிவுநீர் வடியும்படி சற்றுச் சரிந்தும் இருத்தல் நலம். மழை மிகுந்த இந்நாட்டில் மூங்கில் பிளாச்சுகளால் தரைக்கு மேலே மேடை கட்டுவதும் உண்டு. ஈனும் தாய்க்குத் தனி அறை வேண்டும். அவ்வறையின் சுவரை ஒட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரிலிருந்தும் ஒரு சாண் தள்ளி, மூங்கிலாலோ குழாயாலோ ஒரு தடுப்புக் கட்டவேண்டும். தாய் சாய்ந்து படுக்கும்போது குட்டிகள் நசுங்காமல் அந்தச் சந்தில் ஒதுங்கிக்கொள்ளும். இந்தச் சிறிய தடுப்பு இல்லாத காரணத்தால் முதல் மூன்று நாட்களில் சாகும் குட்டிகள் பல.

இனத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். அஸ்ஸாமின் நாட்டுப் பன்றி சிறியது, மெதுவாக வளரும், ஆனால் கிடைத்ததை உண்டு பிழைக்கும். அயல்நாட்டுப் பெரிய இனங்கள் விரைந்து வளர்ந்தாலும் நல்ல தீனி கேட்கும். ஆகையால் சிறு குடும்பத்துக்குக் கலப்பினமே ஏற்றது. குவாஹாத்தியை அடுத்த ராணி என்னும் ஊரில் மத்திய அரசின் தேசியப் பன்றி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2002-இல் அமைந்த இம்மையத்தார், ஹாம்ப்ஷயர் இனத்தையும் வடவங்கத்தின் குங்ரு இனத்தையும் கலந்து உருவாக்கிய வகைக்கு 'ராணி' என்றே பெயரிட்டிருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலும் சென்னையை அடுத்த காட்டுப்பாக்கத்தில், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிலையத்தில் வெள்ளை யார்க்ஷயர் பன்றிகளைக் கொண்டு நெடுங்காலமாக ஆராய்ச்சி நடந்து வருகிறது. ஓய்வு பெற்றபின் ஊரில் இத்தொழிலைத் தொடங்க எண்ணும் அன்பர்கள், குட்டி வாங்குமுன் அங்கே சென்று பார்த்து வருவது பயன் தரும்.

பெண்பன்றி எட்டு மாத அளவில் இணை சேர்க்கத் தகுதி பெறும். 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அது இரண்டு மூன்று நாட்களே நீடிக்கும். சினைக்காலம் 114 நாட்கள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கலப்பினத் தாய் ஒரு முறைக்கு எட்டு முதல் பத்துக் குட்டிகள் வரை ஈனும். பிறந்த குட்டிக்கு முதல் மணி நேரத்திலேயே சீம்பால் கிடைக்கவேண்டும். வைக்கோலும் விளக்கும் வைத்துக் கதகதப்பும் தரவேண்டும். தாய்ப்பாலில் இரும்புச் சத்துப் போதாது. மண்ணைக் கிளறும் குட்டி அதனை மண்ணிலிருந்து பெறும். சிமெண்டுத் தரையில் பிறந்த குட்டிக்கு அதுவும் இல்லை. எனவே மூன்றாம் அல்லது நான்காம் நாளில் இரும்புச் சத்து ஊசி போடவேண்டும். இறைச்சிக்கு வளர்க்கும் ஆண் குட்டிகளை மூன்று, நான்கு வாரத்தில் காயடிப்பார்கள். எட்டு வாரத்தில் பால் மறக்கச் செய்து, குடற்புழு நீக்கி, பழைய பன்றிக் காய்ச்சலுக்குரிய தடுப்பூசி போடுவது முறை.

தீனியில்தான் இலாபமும் நஷ்டமும் அடங்கியிருக்கின்றன. பன்றியின் எடை ஒரு கிலோ ஏற மூன்று முதல் நான்கு கிலோ வரை உலர்ந்த தீனி செல்லும். முழுவதையும் கடையில் வாங்கினால் கையில் மிஞ்சுவது சொற்பம். தவிடு, நொய், கொஞ்சம் கடுகுப் பிண்ணாக்கு, தாது உப்புக் கலவை ஆகியவற்றை அளந்து போட்டு, மீதியைத் தோட்டத்திலிருந்து நிரப்புவதே சிறு குடும்பத்தின் சூட்சுமம். சேம்பை வேகவைத்தே தரவேண்டும். இல்லாவிடில் நாவும் தொண்டையும் அரிக்கும். நல்ல தண்ணீர் எந்நேரமும் இருக்கவேண்டும்.

2021-ஆம் ஆண்டு மழைக்காலம்

நிற்க. இனி எங்கள் வாளியின் கதைக்கு வருவோம்.

2020-ஆம் ஆண்டு மே மாதத்தில், அஸ்ஸாமில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டிருப்பதாகச் செய்தி வந்தது. இந்திய நாட்டில் அதற்குமுன் காணப்படாத நோய். 1921-இல் கென்யாவிலிருந்து முதன்முதல் விவரிக்கப்பட்டு, 2007-இல் ஜார்ஜியா நாட்டுக்கும், 2018-இல் சீனாவுக்கும் பரவி, பின் இங்கே வந்து சேர்ந்தது. இது மனிதரைத் தொற்றுவதில்லை. 2009-இல் மனிதரிடையே பரவியபோது 'பன்றிக் காய்ச்சல்' என்று நாம் அழைத்த சளிக் காய்ச்சல் வேறு, இது வேறு. ஆனால் பன்றிகளுக்கு இது எமன். கடுங்காய்ச்சல் காணும், தீனி எடுக்காது, ஒன்றன்மேல் ஒன்று ஒடுங்கிப் படுக்கும், காது, வயிறு ஆகிய இடங்களில் சிவந்தும் நீலம் பாரித்தும் திட்டுகள் தோன்றும், சில நாட்களில் மடியும். சிகிச்சை இல்லை, அன்று தடுப்பூசியும் இல்லை. நோயுற்ற பன்றியோடு சேர்வதால் மட்டுமன்றி, அதன் இறைச்சித் துண்டாலும், அவ்விடத்தில் நடந்த செருப்பாலும், வண்டிச் சக்கரத்தாலும் நோய் பரவும். உறைய வைத்த இறைச்சியிலும், உப்பிட்டு உலர்த்திய இறைச்சியிலும் அக்கிருமி மாதக் கணக்கில் உயிரோடிருக்கும்.

இவற்றையெல்லாம் நாங்கள் பத்திரிகையில் படித்தோம். மேல் அஸ்ஸாமில் அல்லவா என்று எண்ணி, வாளியைத் தொடர்ந்து கொண்டுபோனோம். படித்ததற்கும் செய்ததற்கும் இடையில் இருந்த தூரம் அவ்வளவே.

2021-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முன்னாள் இரவு எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் விருந்து. மறுநாள் வாளி நிரம்பியிருந்தது. மேலாக எலும்புத் துண்டுகள் கிடந்ததை நாங்கள் எங்கள் கண்களாலேயே கண்டோம். பன்றி எலும்பு என்பதும் தெரிந்தது. 'அங்கே எப்படியும் கொதிக்க வைப்பார்கள்' என்று எண்ணி, மூடியைப் போட்டுச் சைக்கிளில் கட்டினோம்.

இரண்டு வாரம் சென்றிருக்கும். தாய்ப்பன்றி தீனி எடுக்கவில்லை என்று பைதேவ் தொலைபேசியில் கூறினார். நாங்கள் சென்று பார்த்தபோது அது சுவரோரம் ஒடுங்கிக் கிடந்தது, காதுகள் சிவந்திருந்தன. மறுநாள் மடிந்தது. அப்போது அக்கொட்டிலில் இருந்தவை பத்து: ஒரு தாய், விற்பனைக்கு நின்ற இரண்டு, பால் மறந்த ஏழு குட்டிகள். மழைக் காய்ச்சலாக இருக்கும் என்று பக்கத்தார் சொன்னதைக் கேட்டு, வீட்டார் நான்கு நாட்கள் காத்திருந்தனர். அதற்குள் மேலும் மூன்று போயின. பதினோரு நாட்களில் எட்டு மடிந்தன. கால்நடை மருத்துவர் வந்து மாதிரி எடுத்துச் சென்று, நோய் உறுதியானபின், எஞ்சிய இரண்டு குட்டிகளையும் சட்டப்படி அழித்து, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைத்தார்கள். நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டத்தில் இவ்வாறு செய்வதும், பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பதும் அரசு வகுத்த முறை.

இழப்பீட்டு மனுவை எழுதும் வேலை எங்களுக்கு வந்தது. மனு எழுதுவது எங்களுக்குப் பழகிய தொழில்தானே. அப்போதுதான் விதியைப் படித்தோம். அரசு அழித்த பன்றிக்கே இழப்பீடு. தானே மடிந்த பன்றிக்கு இல்லை. பத்தில் இரண்டுக்கு மட்டுமே பணம் வந்தது. முதல் பன்றி தீனி மறுத்த அன்றே தெரிவித்திருந்தால், ஒருவேளை நான்கு, ஐந்துக்காவது கிடைத்திருக்கும். சுற்றியிருந்தவர்களும் முன்கூட்டியே எச்சரிக்கையாய் இருந்திருப்பார்கள். இதனைப் படிக்கும் அன்பர்களுள் யாரேனும் ஒருவர் பன்றி வளர்த்தாலும் சரி, வளர்ப்பவரை அறிந்திருந்தாலும் சரி, இந்த ஒரு செய்தியை மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்: காத்திருக்கும் நாளுக்கு இழப்பீடு கிடையாது.

நோய் எவ்வழி வந்தது? அந்த மாதத்தில் ஒரு வியாபாரி பல கொட்டில்களைப் பார்த்துவிட்டு அதே செருப்போடு இங்கும் வந்து விலை பேசினார். ஊரில் வேறொருவர் சந்தையிலிருந்து குட்டி வாங்கி வந்திருந்தார். எங்கள் வாளியும் இருந்தது. இம்மூன்றில் எது என்று மருத்துவராலும் சொல்ல இயலவில்லை. ஆயினும் நாங்கள் உறக்கமின்றித் தவித்தோம். ஒரு மாதம் கழித்து, எலும்பைக் கண்டும் கொண்டுவந்ததைப் பைதேவிடம் சொல்லிவிட்டோம். அவர் தறியில் அமர்ந்திருந்தார். சிறிது நேரம் நாடா ஓடும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, "விறகெல்லாம் மழையில் நனைந்துவிட்டது. அந்த வாரம் நான் கொதிக்க வைக்கவில்லை. கொண்டுவந்தது நீங்கள், ஊற்றியது நான்" என்றார். எங்களைத் தேற்றச் சொன்னதல்ல அது. உள்ளதைச் சொன்னார்.

அவ்வாண்டு மகளின் கட்டணத்துக்கு அவர் இரவும் பகலும் தறியில் அமர்ந்து, போடோ பெண்கள் உடுத்தும் தொக்கனா நெய்து விற்றார். நாங்கள் கொடுக்க முயன்ற பணத்தை அவர் வாங்கவில்லை.

வாரக் கணக்கு

கொட்டிலைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மருந்து தெளித்து, ஏழு மாதம் வெறுமையாக விட்டார்கள். 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில், வேறோர் ஏற்பாட்டுக்கு அவர் இசைந்தார். கால்நடையை ஒருவர் வாங்கி விட, மற்றொருவர் வளர்த்து, பயனைச் செம்பாதியாகப் பிரிப்பதை இங்கே 'ஆதி' என்பர். நம் ஊரில் ஆடு மாடுகளை 'வாரத்துக்கு விடுதல்' என்பது இதுவே. இரண்டு குட்டிகள் எங்கள் பணத்தில் வாங்கினோம். தீனியும் உழைப்பும் அவருடையவை.

குமாஸ்தாவின் பழக்கப்படி ஒரு நோட்டில் கணக்கு எழுதி வந்தோம். குட்டி ஒன்று 4,500 ரூபாயாக இரண்டுக்கு 9,000 ரூபாய். பத்து மாதத்தில் விலைக்கு வாங்கிய தவிடு, நொய், பிண்ணாக்கு, மருந்து 9,800 ரூபாய். கிறிஸ்துமஸுக்கு முன் விற்றபோது இரண்டும் சேர்ந்து உயிரெடை 178 கிலோ. கிலோ 200 ரூபாய் வீதம் 35,600 ரூபாய். தீனி முழுவதையும் கடையில் வாங்கியிருந்தால் ஏறக்குறைய 550 கிலோ தேவைப்பட்டிருக்கும். கிலோ 30 ரூபாய் என்று கொண்டால் 16,500 ரூபாய். ஆகத் தோட்டமும் கழுநீரும் மிச்சப்படுத்தியது 6,700 ரூபாய்.

செம்பாதி பிரித்தால் ஆளுக்கு 17,800 ரூபாய். செலவு போக எங்களுக்கு நின்றது 8,800, அவருக்கு 8,000. முந்நூறு நாள் விறகு மூட்டி, தண்ணீர் சுமந்து, கொட்டில் கழுவியவருக்கு, பணம் மட்டும் போட்ட எங்களைவிட எண்ணூறு ரூபாய் குறைவு! செம்பாதி என்ற சொல் நீதியாக ஒலிக்கிறது. நோட்டு வேறு சொல்கிறது. அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டி, புதிய முறை ஒன்று கூறினோம். விற்ற பணத்தில் குட்டி விலையையும் தீனிச் செலவையும் முதலில் கழிக்க வேண்டும். எஞ்சியதை மூன்றாக்கி, இரண்டு பங்கு வளர்த்தவருக்கு, ஒரு பங்கு பணம் போட்டவருக்கு. இம்முறையில் எஞ்சுவது 16,800. அவருக்கு 11,200, எங்களுக்கு 5,600. தானமாகக் கொடுத்ததை வாங்காதவர், கணக்காகக் காட்டியதை ஏற்றுக்கொண்டார். இன்றும் அம்முறையே நடக்கிறது.

காவல்

இப்போது அக்கொட்டிலுக்கு மூங்கில் வேலியும் பூட்டும் இருக்கின்றன. வாசலில் சுண்ணாம்புத் தூள் நிறைந்த ஒரு தட்டு. அதில் கால் வைத்தே உள்ளே செல்லவேண்டும். உள்ளே போக ஒரு தனிச் செருப்பு. வியாபாரி வேலிக்கு வெளியே நின்றே விலை பேசுகிறார். வெளியிலிருந்து வாங்கிய குட்டியை மூன்று வாரமாவது தனியே வைத்துப் பார்த்தபின்பே மற்றவற்றோடு சேர்க்கிறார்கள். பொலிப்பன்றியை ஊர் ஊராக ஓட்டிச் செல்லும் வழக்கத்தை விட்டு, கருவூட்டல் ஊசி போடுவோரை வரவழைக்கிறார்கள்.

மனிதர் நலத்துக்கும் சில காவல்கள் உண்டு. மூளைக் காய்ச்சல் கிருமி பன்றியின் உடலில் பெருகி, கொசுவின் மூலம் மனிதரை அடையும். ஆகவே கொட்டில் வீட்டை ஒட்டியிருக்கலாகாது, சுற்றிலும் நீர் தேங்கலாகாது, குழந்தைகள் கொசுவலைக்குள் உறங்கவேண்டும், அவர்களுக்குரிய தடுப்பூசியும் போடவேண்டும். மனிதக் கழிவைத் தின்னும் பன்றியின் இறைச்சியில் நாடாப்புழுவின் கருக்கள் தங்கும். அப்புழுவின் முட்டை உணவோடு மனிதர் வயிற்றில் சென்றால், மூளையில் கட்டியாகி வலிப்பு உண்டாகலாம். கழிப்பறை உள்ள வீடு, அடைத்து வளர்த்த பன்றி, நன்கு வெந்த இறைச்சி, கழுவிய கை ஆகிய நான்கும் இருந்தால் இவ்வச்சம் இல்லை. உண்ணும் வழக்கமுள்ள நம் குடும்பங்கள் இதனைக் கவனிக்கவேண்டும்.

எங்கள் குடியிருப்பில் கழுநீர்ப் பானை இன்னும் இருக்கிறது. ஆனால் அது எங்கள் அடுக்களைக்குள் இருக்கிறது. அரிசி களைந்த நீரும், கஞ்சியும், காய்த்தோலும் மட்டுமே அதில் விழும்; இறைச்சி சேர்ந்த எச்சில் எந்த வீட்டிலிருந்து வந்தாலும் ஏற்பதில்லை. அப்படியும் பைதேவ் அதனைக் கிளறிக்கிளறி ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தே ஊற்றுகிறார். அதற்கென்று மழைக்கு முன்பே விறகைக் கூரையின்கீழ் அடுக்கிவிடுகிறார். விறகு அடுக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் உதவியை மறுப்பதில்லை.

மகள் படிப்பை முடித்துச் செவிலியாகப் பணி செய்கிறாள். இப்போது இளையவன் கல்லூரிக்குப் போகிறான். கொட்டிலில் அவன் பெயருக்கு ஒன்று நிற்கிறது. எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில், வரவு செலவு தொடங்குமுன், 'ஜூலை 2021 – பத்து' என்று எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வாரமும் வாளியின் மூடியைப் போடுமுன், உள்ளே ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம்.